மீன் சீவிக்கும் தண்ணீர்

எங்கள் வீட்டு முன் விறாந்தையில் ஒரு மீன்தொட்டி உண்டு. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நிரப்பினால் ஏறத்தாழ 190 லீற்றர் நீர் கொள்ளும். 1970களின் பிற்பகுதியில் என் தந்தையார் இரும்புச் சட்டத்துள் கண்ணாடிகளைப் பொருத்தி, புட்டி வைத்துத் தம் கையாலேயே செய்தது அது. சட்டம் பலமுறை துருப்பிடித்துப் பலமுறை நிறம் பூசப்பட்டுவிட்டது. கண்ணாடிகளுள் இரண்டு மாற்றப்பட்டவை. ஆயினும் எங்கள் வீட்டார் அதனை இன்றும் 'அப்புவின் தொட்டி' என்றே சொல்வர்.

மீன்தொட்டியைக் கழுவியதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று இவ்விதழைப் புரட்டும் மாணவர் நகைக்கக்கூடும். தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கும் இது புறத்துறை விடயந்தான். எனினும் அந்தத் தொட்டியைக் கழுவப் போய் எங்கள் கிணற்றைப் பற்றி நான் அறிந்துகொண்டது சிறிதன்று. அதனை எவருக்கேனும் சொல்லியாக வேண்டும் என்ற எண்ணமே இதனை எழுதத் தூண்டியது.

உரும்பிராயைச் சேர்ந்தவன் நான். எங்கள் பக்கத்து மண் செம்மண். அதன் கீழே சுண்ணக்கல். மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கித் தேங்குவதையே நாம் கிணறு தோண்டி எடுத்துக் குடிக்கின்றோம். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த நீரே நமக்கு எல்லாம். சுண்ணக்கல்லைக் கரைத்துக்கொண்டு வருவதால் அது வன்னீராக இருக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளை ஓடு படியாத யாழ்ப்பாணத்து வீடு அரிது. மீன்தொட்டியிலும் அவ்வாறே. நீர் ஆவியாகக் குறையும், சுண்ணம் குறைவதில்லை. நீர்மட்டம் நின்ற இடமெல்லாம் கண்ணாடியில் ஒரு வெண்கோடு விழும். அந்தக் கோடு சவர்க்காரத்துக்கு அசையாது. தேசிக்காய்ப் பாதியாலோ வினாகிரி நனைத்த துணியாலோ பொறுமையாகத் தேய்த்தால்தான் கரையும்.

எங்கள் தொட்டியில் நான் கரைக்க மனமின்றி விட்டு வைத்திருந்த கோடுகள் சில இருந்தன. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது நாங்களும் தென்மராட்சி நோக்கி நடந்தோம். எதை எடுப்பது, எதை விடுவது என்று அம்மா தடுமாறிக்கொண்டிருக்க, தந்தையார் ஒரு சிறு வலையை எடுத்துத் தொட்டி மீன்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வாளியில் இட்டு, கொண்டுபோய்க் கிணற்றுள் விட்டார். "உந்த நேரத்தில உதுதான் வேலையோ?" என்று அம்மா சினந்தார். "தொட்டி வத்தும், கிணறு வத்தாது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார்.

1996 சித்திரைக்குப் பின்னர் திரும்பி வந்தபோது விறாந்தைக் கூரை தப்பியிருந்தது. தொட்டி வறண்டு கிடந்தது. நீர் இறங்கி இறங்கி நின்ற இடங்கள் கண்ணாடியில் வெண்கோடுகளாய், படிக்கட்டுப் போலப் பதிந்திருந்தன. அந்நாட்களில் ஊர் திரும்பிய ஒவ்வொரு குடும்பமும் செய்த முதல் வேலை கிணற்றைக் கலக்கி இறைப்பதேயாகும். எங்கள் கிணற்றிலிருந்தும் அழுகிய இலைகள், தென்னோலை, சைக்கிள் ரயர் ஒன்று, பெயர் சொல்ல முடியாத பலவும் வெளிவந்தன. இரண்டு நாள் இறைத்து, நீர் முழங்காலளவுக்கு வந்தபோது உள்ளே இறங்கியவர் வாளியை மேலே அனுப்பினார். அதனுள் சின்னஞ்சிறு கப்பி மீன்கள் துள்ளின. தந்தையார் விட்டவற்றின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ தெரியாது. அம்மா அந்த வாளியைப் பார்த்துச் சொன்ன வாக்கியம் பின்னர் எங்கள் வீட்டில் ஒரு பழமொழியாகவே நிலைத்துவிட்டது: "மீன் சீவிக்கிற தண்ணி மனிசருக்கும் ஆகும்."

தந்தையார் மறைந்தபின் தொட்டி என் பொறுப்பாயிற்று. கப்பிகளோடு ஐந்து பொன்மீன்களையும் சேர்த்துக்கொண்டேன். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலத்திலும், செம்பினால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி அவற்றைக் காப்பாற்றியவன் நான். மின்வெட்டுக்குத் தப்பிய அம்மீன்கள் என் சுத்தத்துக்குத் தப்பவில்லை.

2023 ஆவணி மாதம். மகள் பிள்ளைப்பேற்றுக்காக வரவிருந்தாள். வீடு முழுவதும் துடைக்கப்பட்டு, சுவருக்கு வெள்ளையடிக்கப்பட்டு, மெத்தைகள் வெயிலில் போடப்பட்டிருந்தன. "இஞ்சேருங்கோ, பிள்ளை வரமுதல் உந்தத் தொட்டியையும் ஒருக்கால் வடிவாய்க் கழுவி விடுங்கோ. கண்ணாடியெல்லாம் பாசி" என்றார் மனைவி. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பல மாதங்களாக நான் மேற்பரப்பை மட்டும் துடைத்து வந்தேன். அடியிற் கிடந்த பரல்களின் இடையே கபில நிறக் கசடு அடைந்திருந்தது. வடிகட்டியின் பஞ்சு சேற்று நிறமாயிருந்தது.

ஒரு சனிக்கிழமை முழுவதும் உழைத்தேன். மீன்களை ஒரு பெரிய சருவத்தில் மாற்றினேன். நீர் முழுவதையும் வடித்தேன். பரல்களை அள்ளி, கிணற்றடியில் ஏழெட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவி, பின்னர் கொதிநீரில் போட்டெடுத்தேன். பழைய பஞ்சை எறிந்துவிட்டுப் புதியதை இட்டேன். கண்ணாடியின் பாசியைப் பழைய சவரத்தகட்டால் சுரண்டினேன். இறுதியாக, நெடுநாள் தயக்கத்தை விட்டு, அந்த 1995 ஆம் ஆண்டுக் கோடுகளையும் தேசிக்காய் கொண்டு தேய்த்தேன். அவை போக அரைமணி நேரம் சென்றது. மாலையில் கிணற்று நீரை இறைத்து நிரப்பி விளக்கைப் போட்டபோது, தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும்படி தொட்டி தெளிந்து நின்றது. வீதியிற் போனவர்களும் படலையடியில் நின்று பார்த்துப் போயினர்.

திங்கட்கிழமை மீன்கள் உணவை விரும்பவில்லை. செவ்வாயன்று நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. புதனன்று காலை முதலாவது பொன்மீன் பக்கவாட்டிற் கிடந்தது. வெள்ளியன்று நான்காவது போயிற்று. நீரோ அப்பொழுதும் பளிங்காகவே இருந்தது. கலங்கிய நீரில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த உயிர்கள் தெளிந்த நீரில் ஒரு வாரத்தில் மடிந்ததை என்னால் விளங்கிக்கொள்ள இயலவில்லை.

எங்கள் ஒழுங்கையில் விலங்கியல் விரிவுரையாளரான இளைஞர் ஒருவர் இருக்கின்றார். அன்று மாலை வந்தவர் இறந்த மீனின் செவுளைத் திறந்து பார்த்தார். செந்நிறமாக இருக்க வேண்டிய செவுள் கபில நிறமாக இருந்தது. பிறகு தம் பையிலிருந்து சிறு குப்பிகளை எடுத்துத் தொட்டி நீரைச் சோதித்தார். நிறம் மாறுவதைப் பார்த்துத் தலையசைத்து, "சேர், நீங்கள் ஊத்தையைக் கழுவேல்லை, தொட்டியின்ர ஈரலைக் கழட்டி எறிஞ்சு போட்டியள்" என்றார்.

அவர் விளக்கியதை என் மொழியிற் சொல்கிறேன். மீன் தன் உடற்கழிவின் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுள் வழியே நீரில் விடுகிறது. அமோனியா மீனுக்கு நஞ்சு. நமது சுண்ண நீர் காரத்தன்மை கொண்டதாதலால் அந்நஞ்சு இங்கு மேலும் கொடிதாகிறது. பி.எச். பெறுமானம் ஓர் அலகு உயர்ந்தால், அமோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழப் பத்து மடங்கு பெருகும். அவ்வாறாயின் நெடுநாள் நின்ற தொட்டிகளில் மீன்கள் எங்ஙனம் வாழ்கின்றன? பரலிலும் பஞ்சிலும் கண்ணாடியிலும் வழவழப்பான படலமாக ஒட்டியிருக்கும் பற்றீரியாக்களே காரணம். அவற்றுள் ஒருசாரார் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுவர். மறுசாரார் நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுவர். நைத்திரைற்றும் கொடிய நஞ்சே. நைத்திரேற்று மட்டும் மீனுக்கு ஓரளவு தாங்கக்கூடியது. இந்தப் பற்றீரியாக்கள் நாம் தயிருக்கு உறையிடும்போது பெருகுபவற்றைப் போல ஓரிரவில் வளர்பவை அல்ல. புதிய தொட்டியொன்றில் அவை போதியளவு குடியேற மூன்று முதல் ஆறு வாரங்கள் செல்லும். நான் கொதிநீரில் இட்டதும், பஞ்சோடு எறிந்ததும், தகட்டாற் சுரண்டியதும் அவர்களைத்தான்.

இந்த வரலாற்றைத் தேடிப் படித்தபோது எனக்குச் சுவையாயிருந்த ஒரு செய்தியை ஈண்டுக் குறிப்பிடாமற் செல்ல மனம் வரவில்லை. 1850 ஆம் ஆண்டளவில் இலண்டனில் ரொபேட் வாரிங்ரன் என்ற இரசாயனவியலாளர், பொன்மீன்களையும் நீர்த்தாவரங்களையும் நத்தைகளையும் ஒரே கலத்தில் வைத்து, நீரை மாற்றாமலே அவை ஒன்றையொன்று வாழவைக்கும் என்று காட்டினார். வீட்டு மீன்தொட்டிக் கலைக்கு அவர் ஒரு முன்னோடி. அதே பெயர் கொண்ட அவருடைய மகன் பின்னாளில் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில், மண்ணில் அமோனியா நைத்திரேற்றாக மாறுவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அம்மாற்றம் இரண்டு படிகளில் நிகழ்கிறது என்று நிறுவினார். அந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுக்க மட்டும் அவரால் இயலவில்லை. 1890 இல் வினோகிராட்ஸ்கி என்ற ருசிய அறிஞரே அதைச் செய்தார். தந்தையின் மீன்கள் உயிர் வாழ்ந்ததற்கான காரணங்களுள் ஒன்றைத் தாம் தேடிக்கொண்டிருந்ததை மகன் உணர்ந்தாரோ, இல்லையோ! இரண்டு படிகளையும் தனியே செய்து முடிக்கும் பற்றீரியாவும் உண்டென்று 2015 இல் அறியப்பட்டது. அதைக் கண்ட இரு குழுக்களில் ஒன்றுக்கு அது கிடைத்த இடம் மீன் வளர்ப்பு நிலையமொன்றின் வடிகட்டி.

தொட்டிக்கு உடனடிப் பரிகாரமாக இளைஞர் கேட்டது ஒரு பிடி உப்பு. உப்பிலுள்ள குளோரைட்டு, நைத்திரைற்றுச் செவுள் வழியே குருதியிற் புகுவதைத் தடுக்குமாம். எஞ்சிய ஒரு பொன்மீனும் கப்பிகளும் பிழைத்தன. தம் வீட்டுத் தொட்டியின் பழைய பஞ்சொன்றைக் கொண்டுவந்து என் வடிகட்டியுள் பிழிந்துவிட்டார். அந்த அழுக்கு நீரைக் கண்டு மனைவி முகம் சுளித்ததை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

விடயம் இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் அவர் முறைக்காக நைத்திரேற்றையும் சோதித்தார். குப்பி கடுஞ்சிவப்பாயிற்று. "ஆறு நாள் வயசுத் தண்ணியில உவ்வளவு இருக்கக்கூடாதே" என்று யோசித்தவர், கிணற்றடிக்குப் போய் வாளியில் ஒரு வாளி அள்ளி, அதைச் சோதித்தார். அதுவும் சிவப்பு. அட்டையிலுள்ள நிறங்களோடு ஒப்பிட்டால் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கும் 100 க்கும் இடைப்பட்டது. குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பின்னர் முறையான ஆய்வுகூடத்திற் பார்த்தபோதும் எல்லையைத் தாண்டியே இருந்தது.

அவர் அப்பொழுது கேட்ட கேள்வி, "மகள் எப்ப வாறா, சேர்?" என்பதுதான்.

மீனின் செவுளைக் கபிலமாக்கிய அதே வினை, சில மாதமேயான குழவியின் குருதியிலும் நிகழக்கூடும். குழவியின் வயிற்றில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறுவது எளிது. அந்த நைத்திரைற்று ஈமோகுளோபினிலுள்ள இரும்பை மாற்றி, ஒட்சிசனைச் சுமக்கும் வலுவைக் குறைத்துவிடும். பிள்ளை நீலம் பாரிக்கும். கிணற்று நீரிற் கரைத்த மாப்பாலே இதற்குக் காரணமாகலாம் என்பதை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்ற வைத்தியர் 1945 இல் எடுத்துக்காட்டினார். தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழவிக்கு இந்த அச்சம் மிகக் குறைவு. ஆனால் எங்கள் மகளின் முதற் பிள்ளைக்குப் பால் போதாமற் போத்தல் பாலும் கொடுக்க நேர்ந்தது. இரண்டாவதற்கும் வேண்டிவரும் என்று எண்ணி, தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைக்க மனைவி ஒரு புதுக் கேத்திலே வாங்கி வைத்திருந்தார். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் ஆவியாகக் குறைய அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். மீன்தொட்டியின் வெண்கோடு சொன்னதும் இதையேதான். ஆவியாவது நீர்; எஞ்சுவது எல்லாமும்.

அம்மாவுக்கு அப்பொழுது வயது 84. அவரிடம் இதனைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. கிணற்றுள் கப்பிகள் இன்றும் இருந்தன. குடம்பிகளைத் தின்னும் என்று கிணறுகளில் மீன் விடுவது புதிய வழக்கமன்று. 2016 இல் இலங்கை மலேரியாவற்ற நாடு என்று சான்றுபெற்ற அதே ஆண்டின் முடிவில், கிணறுகளிலும் பெருகக்கூடிய புதிய நுளம்பினம் ஒன்று மன்னாரிற் கண்டறியப்பட்டமையால், மலேரியா ஒழிப்பு இயக்கத்தினரும் கிணறுகளில் மீன் விட்டு வந்தனர். அம்மாவைப் பொறுத்தவரை அம்மீன்களே சாட்சி. வளர்ந்த கப்பி, குழவிக்கு ஆகாத அளவு நைத்திரேற்றையும் பலமடங்கு தாங்கும் என்பதை எப்படி அவருக்குச் சொல்வது? "அப்ப கிணத்தைக் கலக்கி இறைச்சுப் போட்டு விடன்" என்றார். இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் அது போதுமானதாயிருந்தது. அன்று கிணற்றுக்குள் அழுக்கு விழுந்திருந்தது, அள்ளினோம். இன்று ஊற்றுக்கண் வழியே வருவதே அதுவாக இருக்கையில், எத்தனை முறை இறைத்தாலும் அதே நீர்தான் ஊறும்.

அது எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் இல்லை. 1980களிலேயே நமது கிணறுகளின் நைத்திரேற்றைப் பற்றி ஆய்வாளர் எழுதிவிட்டனர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் இட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மிஞ்சியது மண்ணில் நைத்திரேற்றாகிறது. களிமண் துணிக்கைகள் அதனைப் பிடித்து வைப்பதில்லை. நீர் போன வழியே அதுவும் போகிறது. மறுபுறம், முன்னைய வாளிக் கக்கூசுகள் ஒழிந்து, ஒவ்வொரு வளவிலும் சுண்ணக்கல்லுள் வெட்டிய மலகூடக் குழி வந்தது. சுகாதாரத்துக்கு அது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் இரண்டு பரப்புக் காணியில் கிணறும் குழியும் எத்தனை அடி விலகி நிற்க முடியும்? எங்கள் வளவில் அளந்து பார்த்தேன், நாற்பது அடி. பக்கத்து வீட்டுக் குழிக்கும் எங்கள் கிணற்றுக்கும் அதைவிடக் குறைவு. எவரையும் குற்றம் சொல்லும் தகுதி எனக்கில்லை. என் பல்கலைக்கழகப் படிப்புக்குப் பணம் தந்தது தந்தையாரின் வெங்காயத் தோட்டம். அந்தத் தோட்டத்துக்கு யூரியாச் சாக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவனும் நானே. இயற்கை உரம் என்றால் தப்பித்துவிடலாம் என்பதும் முழு உண்மையன்று. ஆட்டெருவும் மாட்டெருவும் அளவு மீறினால் இறுதியில் நைத்திரேற்றாகவே இறங்கும்.

இளைஞர் சொன்ன ஒப்புமை என்னை விட்டு அகலவில்லை. எத்தனை நல்ல பற்றீரியா இருந்தாலும் தொட்டியில் நைத்திரேற்றுச் சேர்ந்துகொண்டே போகும். அதைக் குறைக்க நாம் நீரின் ஒரு பகுதியை மாற்றுகின்றோம். குடாநாடும் அவ்வாறான ஒரு தொட்டிதான், சுற்றிலும் உப்புநீர் சூழ்ந்த தொட்டி. அதன் நீரை மாற்ற ஆண்டுக்கு ஒருமுறை வடகீழ்ப் பருவமழை வருகிறது. மொத்த மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதங்களுள் கொட்டி முடிகிறது. மழை பழைய நீரை ஐதாக்கவும் செய்கிறது; தோட்ட மண்ணில் மிஞ்சியதைக் கழுவிக் கீழே இறக்கவும் செய்கிறது. ஆழமாக இறைத்துப் புதுநீர் பெறலாம் என்றால் நன்னீர்ப் படையின் கீழே உவர் காத்திருக்கிறது. நவக்கிரி நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் கீழே உவர்நீருமாக இருப்பதை நாம் எல்லாரும் பாடசாலைச் சுற்றுலாவிற் கேட்டவர்கள்தாம். கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் 2024 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. அந்தக் குழாய்நீர் வரும் வீடுகளில் மீன் வளர்ப்போர் அதிலுள்ள குளோரீனை நினைவிற் கொள்க. ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே தொட்டிக்கு ஊற்ற வேண்டும்.

மகள் வந்தாள். பேத்தி பிறந்தாள். அவளுக்கு வேண்டிய தண்ணீரை ஆறு மாதம் வரை கடையிற் போத்தலில் வாங்கினோம். அவ்வாண்டு மாரி தொடங்கியதும் ஓட்டுக் கூரையில் பீலி கட்டி, முதல் மழையைப் போகவிட்டு, மழைநீரைத் தாங்கியிற் சேர்த்துக்கொண்டோம். எல்லாக் குடும்பங்களுக்கும் இது இயலுவதன்று என்பதை அறிவேன். எங்கள் ஒழுங்கையில் மட்டும் அவ்வாண்டு நான்கு கைக்குழந்தைகள் இருந்தன. அந்நான்கு வீடுகளுக்கும் இளைஞரும் நானும் குப்பிகளோடு போனோம். இரண்டு கிணறுகள் எல்லைக்குட்பட்டிருந்தன, இரண்டு தாண்டியிருந்தன. ஒரு வீட்டில் எங்களைத் தண்ணீர் விற்கும் கம்பனியின் ஆட்கள் என்று எண்ணி, படலையை முழுதாகத் திறக்கவில்லை.

தொட்டியை இப்பொழுதும் கழுவுகிறேன், முறை வேறு. இரண்டு வாரத்துக்கொருமுறை நாலிலொரு பங்கு நீரை மட்டும் குழாய் வைத்து இழுக்கிறேன். குழாயின் வாயைப் பரலுக்குள் குத்தி நகர்த்தினால், பரல் இடம் பெயராமல் கசடு மட்டும் ஏறி வரும். ஒருமுறை இடப்பக்கத்துப் பரல், அடுத்தமுறை வலப்பக்கம். பஞ்சை, இழுத்தெடுத்த தொட்டி நீரிலேயே மூன்று தரம் பிழிவதோடு சரி. அது வெள்ளையாக வேண்டுமென்ற ஆசை போய்விட்டது. முன் கண்ணாடியை மட்டும் சுரண்டுகிறேன். பின்கண்ணாடிப் பாசி மீனுக்கும் நத்தைக்கும் உரியது. சவர்க்காரம் தொடுவதில்லை. நிரப்புவதற்கு, தாங்கியில் மிகுதியிருந்தால் பாதி மழைநீர், பாதி கிணற்றுநீர். புதிய வெண்கோடு ஒன்று மெல்ல விழத் தொடங்கியிருக்கிறது.

இழுத்த நீர் இரண்டு வாளி வரும். அதில் நைத்திரேற்றுச் செறிந்திருப்பதால் பயிருக்கு நல்லது. முன்பெல்லாம் அதனைக் கிணற்றடி வாழைக்கே ஊற்றி வந்தேன். கைக்கு அண்மையில் நின்றது அதுதான். இப்பொழுது இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு கிணற்றைத் தாண்டி, வளவின் கோடியிலே வேலியோரம் நிற்கும் கப்பல் வாழைகளுக்குக் கொண்டுபோகிறேன். நடக்கப் பழகிய பேத்தி ஒரு சிறு செம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறாள்; அதிற் பாதி வழியிலேயே சிந்திவிடும்.